அத்தை ஏறி இறங்கிய வீடுகள்

என் அத்தை எங்கள் ஊரின் தொழில் ஆலோசகர். அப்படிச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. "ஐடியாக்கா வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டுவிடும்.

கல்யாணமாகி மூன்றாவது வருடம் கணவரைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அதாவது எங்கள் வீட்டுக்கு. பின்பக்க அறையில் ஒரு கட்டில், ஒரு பெட்டி, ஒரு கண்ணாடி. பத்து வருடம் அவள் பேச்சு அந்த அறையைத் தாண்டிக் கேட்டதில்லை. பிறகு டவுனில் இருக்கும் ஒரு மையத்திலிருந்து அறிவிப்பு வந்தது. கிராமங்களில் சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு உதவ, அந்தந்த ஊரிலிருந்தே ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப் போகிறார்கள் என்று. வெளியூர்க்காரர்கள் வந்து கூட்டம் போட்டு, டீ குடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனால் ஒன்றும் நடப்பதில்லை என்று அவர்களுக்கே புரிந்துவிட்டது போல. உள்ளூர் ஆள் என்றால் தினமும் அதே தெருவில் நடந்தாக வேண்டும். தப்பாகச் சொல்லிவிட்டு ஓடிவிட முடியாது.

அத்தை பன்னிரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு, ஒரு தோள்பையும் அடையாள அட்டையும் தடிமனான ஒரு நோட்டுமாக வந்து இறங்கினாள்.

அம்மா முதலில் கேட்டது, "ஜனங்களுக்குப் பணம் ஏதாச்சும் குடுப்பாங்களா?"

"இல்ல அண்ணி. யோசனை சொல்லுவோம்."

"யோசனையா? அது நம்ம ஊர்ல மூட்டை மூட்டையா கெடக்கே. வாங்கத்தான் ஆளைக் காணோம்."

அத்தை சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அம்மாவே அன்றைக்குத்தான் பார்த்தாளாம்.

முதல் ஒரு மாதம் அத்தை யாருக்கும் எந்த யோசனையும் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேள்வி மட்டும் கேட்டாள். வீட்டில் சும்மா கிடக்கும் இடம் எது? வைக்கோல் யாரிடம் கிடைக்கும்? பகலில் வீட்டை விட்டுப் போக முடியாமல் இருப்பவர் யார்? கேட்டுக் கேட்டு, கடைசியில் ஆறு வீடுகளைச் சேர்த்துக் காளான் வளர்க்கலாம் என்று முடிவுக்கு வந்தாள். வெயில் படாத ஒரு கொட்டகை, அவித்த வைக்கோல், டவுனில் வாங்கிவரும் காளான் வித்து, தினமும் கவனிக்க வீட்டோடு ஒரு ஆள். இவ்வளவுதான் தேவை. வைக்கோலையும் வித்தையும் பிளாஸ்டிக் பைகளில் அடுக்கிக் கட்டித் தொங்கவிட்டால், இருபது நாளில் பை முழுக்க வெள்ளை நூல் ஓடியிருக்கும். அப்புறம் பையைத் திறந்து தண்ணீர் தெளித்தால் காளான் மொட்டு விடும்.

தெரு முனையில் இருப்பது மிலிட்டரி வீடு. அவர் பட்டாளத்தை ஏறெடுத்துப் பார்த்ததுகூட இல்லை. நடை அப்படி, அதனால் அந்தப் பெயர். அடுத்தது பால்காரக்கா. அதற்கப்புறம் சைக்கிள் கடைக்காரர் வீடும், ஒரு தாயும் மகளும் மட்டும் இருக்கும் வீடும். ஐந்தாவது டெய்லர். கடைசி வீடு கிரேன்காரருடையது.

கிரேன்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு ஊருக்கு வந்துவிட்டார். குனிய முடியாது, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. அவர் மனைவி அத்தையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். ஆள் சின்ன உருவம், வாய் ஓயாது. அதனால் குருவி. புருஷன் படுத்தபிறகு குருவி ஏழு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். மில் விடுதியில் தங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மகளுக்கு அப்போது நாலு வயது. மூன்று வருடமாக அவளைப் போனில்தான் வளர்த்தாள்.

மற்ற வீடுகளில் பைகள் தலைக்கு மேல் வரைக்கும் தொங்கும். கிரேன்காரர் கொட்டகையில் மட்டும் மார்பு உயரத்துக்கு மேல் ஒரு பைகூட இருக்காது. அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எல்லாப் பைகளையும் தொடும்படி, அத்தை நாலு நாள் கயிற்றை அவிழ்த்தும் கட்டியும் அளவு பார்த்தாள்.

முதல் விளைச்சலைக் கூடையில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனவள் அத்தைதான். எட்டு ஹோட்டல் ஏறி இறங்கினாள். ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். எட்டாவது ஆள், "தினமும் வருமா, இல்ல இன்னைக்கு மட்டுமா?" என்று கேட்டாராம். தினமும் வரும் என்று சொல்லிவிட்டு வந்து, ஆறு வீட்டையும் கூட்டி உட்காரவைத்து, யார் என்றைக்குப் பறிப்பது என்று பட்டியல் போட்டாள். ஒருத்தர் வீட்டில் குறைந்தால் இன்னொருத்தர் வீட்டிலிருந்து நிரப்ப வேண்டும். காலை ஆறரை பஸ்ஸில் கூடை ஏறிவிட வேண்டும். இந்த ஒழுங்கைக் கொண்டுவர அவள் பட்டபாட்டை எழுதினால் தனிக் கதையாகும். மிலிட்டரி மூன்று நாள் பஸ்ஸைத் தவறவிட்டார்.

"பேருதான் மிலிட்டரி. எந்திரிக்கிறது ஏழு மணிக்கு" என்றாள் பால்காரக்கா.

"ஏன், நீ பாலுல ஊத்துற தண்ணிக்கு நான் என்னைக்காவது மணி பாத்தேனா?" என்றார் மிலிட்டரி.

டெய்லர் மட்டும் முதல் விளைச்சலிலேயே கோபித்துக்கொண்டார். ஹோட்டல்காரரிடம் அத்தை, "டெய்லர் வீட்டுக் காளான் கொஞ்சம் பொடியா இருக்கும், அடுத்த தடவை சரியாயிடும்" என்று சொன்னது எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது. "என் காளானைப் பொடின்னு சொன்னவ என் கொட்டகைக்குள்ள கால் வைக்கக் கூடாது. சொல்றதை வாசல்ல நின்னு சொல்லு" என்றுவிட்டார். அத்தை வாசலில் நின்றே சொன்னாள். வீட்டுக்கு வந்து, "தன் பேச்சைத் தவிர யார் பேச்சையும் கேக்கமாட்டாரு அந்த மனுஷன்" என்று அம்மாவிடம் புலம்புவாள்.

மற்ற ஐந்து வீட்டுக்கும் திங்கள், புதன், வெள்ளி கட்டாயம் போவாள். கொட்டகைக்குள் நுழைந்து, பையைப் பிளேடால் விரல் நுழையும் அளவுக்குக் கீறி, இரண்டு விரலை உள்ளே விட்டு வைக்கோலின் ஈரத்தைப் பார்ப்பாள். மோந்து பார்ப்பாள். பிறகு டேப் ஒட்டி மூடுவாள். கிரேன்காரர் வீட்டைக் கடைசியில் வைத்துக்கொண்டது வேண்டுமென்றுதான். அங்கே அவசரமில்லாமல் உட்காரலாம். குழந்தையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம்.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: ஒவ்வொரு கொட்டகைக்குள் போகும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பிளேடை மாற்ற வேண்டும். ஆரம்பத்தில் அத்தை அப்படித்தான் செய்தாள். ஒருநாள் கிரேன்காரர் வீட்டில், வந்ததும் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கை கழுவியபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"என்ன தங்கச்சி, நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போறவங்க போகும்போது கை கழுவுனா அர்த்தம் இருக்கு. நீ வரும்போதே கழுவுறியே. அவ இல்லாத வீடு, அழுக்காத்தான் இருக்கும். அதுக்காக இப்படியா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் பார்வை ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்ததை அத்தை பார்த்துவிட்டாள். மூலையில் துவைக்காத துணி, அடுப்பு மேல் கரி, மகளின் கிழிந்த பை. அன்றிலிருந்து அத்தை அந்த வீட்டில் கை கழுவவில்லை. ஒரு வீட்டில் விட்டதை மற்ற வீட்டில் மட்டும் செய்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? கொஞ்ச நாளில் எங்கேயும் கழுவவில்லை. டவுனிலிருந்து வந்த ஆளாக இருந்தால் யார் என்ன நினைத்தாலும் கழுவியிருப்பார். அத்தை இந்தத் தெருக்காரி.

இரண்டு விளைச்சல் நன்றாக வந்தது. குருவி ஞாயிற்றுக்கிழமை தோறும் அத்தைக்குப் போன் செய்வாள்.

"அவரைக் கேட்டா எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்வாரு. மலை இடிஞ்சு விழுந்தாலும் நல்லாருக்குன்னுதான் சொல்வாரு. நீ சொல்லுடி."

"நல்லா வருதுடி. ஹோட்டல்காரர் இன்னும் கேக்குறாரு."

"மூணு தடவை தொடர்ந்து வந்துட்டா நான் கையெழுத்து போடமாட்டேன். பொட்டியைத் தூக்கிட்டு வந்துருவேன். சத்தியமா."

கிரேன்காரர் வீட்டில் மூன்றாவது தடவை பை கட்டிப் பதினோராம் நாள் ஒரு ஞாயிறு. அதற்கு மறுநாள் குருவியின் ஒப்பந்தம் முடிகிறது. போன் வந்தது. வெள்ளிக்கிழமைதான் பார்த்திருந்தாள் அத்தை. வெள்ளை நூல் பாதிப் பை வரைக்கும் ஓடியிருந்தது.

"போடாதடி கையெழுத்து. வந்துடு" என்றாள்.

அந்தப் பக்கம் குருவி போட்ட கூச்சல் சமையலறை வரைக்கும் கேட்டது.

புதன்கிழமை பால்காரக்கா வீட்டில் மூன்று பைகளில் பச்சை தெரிந்தது. பாசி போல, பொடி பொடியாக. அத்தை அவற்றை அவிழ்த்து வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்தடுத்த வீடுகளுக்கு ஓடினாள். அங்கேயும் இருந்தது. கிரேன்காரர் கொட்டகையில் எண்பது பையில் ஐம்பதுக்கு மேல். வெள்ளிக்கிழமைக்குள் எண்பதும்.

மிலிட்டரியைப் போய்க் கேட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டில்தான் முதலில் வந்திருக்கிறது, இரண்டு வாரத்துக்கு முன்பே. வைக்கோலைச் சரியாக அவிக்காமல் விட்டதற்குத் திட்டு விழும் என்று பயந்து, பச்சைப் பிடித்த இரண்டு பைகளைப் பின்வரிசையில் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மையத்திலிருந்து, பயிற்சி கொடுத்த சார் வந்தார். ஒரு பையைக் கிழித்துப் பார்த்தார்.

"பச்சைப் பூஞ்சாணம். ஒரு கொட்டகையில வர்றது சகஜம். இத்தனை கொட்டகையில ஒரே நேரத்துல வந்தா, ஒண்ணு வித்து கெட்டுப்போயிருக்கணும், இல்ல யாராச்சும் கொண்டு போயிருக்கணும். நீங்க ஒவ்வொரு வீட்டுலயும் கை கழுவுனீங்கல்ல?"

"ஆமா சார்" என்றாள் அத்தை.

"அப்ப வித்துதான். விக்கிறவனுக்கு எழுதிடுறேன்."

சனிக்கிழமை காலையில் டெய்லர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். கையில் ஒரு கூடை. அவர் வீட்டுக் காளான், அப்போதுதான் பறித்தது. ஒன்றும் பொடியாக இல்லை.

"ஹோட்டலுக்கு இன்னைக்கு இதையாவது அனுப்பு. எல்லார் வீட்டுலயும் வித்து கெட்டுப்போச்சாமே. எனக்கு மட்டும் எப்படி நல்லா வந்திருக்கு? அதே கடை, அதே வித்து. என் கைராசின்னு சொல்றா என் பொண்டாட்டி."

அவர் போனபின் அத்தை நோட்டை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். என்றைக்கு எந்த வீட்டுக்குப் போனாள், எந்தப் பையைக் கீறிப் பார்த்தாள் என்று எல்லாவற்றையும் அதில் எழுதியிருப்பாள். கோடு போட்டுக்கொண்டே வந்தாள். மிலிட்டரி வீட்டிலிருந்து புறப்பட்டு, அவள் நடந்த வரிசையிலேயே பச்சையும் நடந்திருந்தது. அவள் உள்ளே போகாத ஒரே கொட்டகையில் மட்டும் இல்லை. அவள் அதிக நேரம் இருந்த கொட்டகையில், ஒன்றுக்கு நான்காகப் பைகளைத் தொட்டுப் பார்த்த கொட்டகையில், ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நோட்டைத் திறந்தபடியே அம்மாவிடம் கொண்டுவந்து காட்டினாள். "அண்ணி, நான்தான்" என்றாள். அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "வாயை மூடிக்கிட்டு இரு. சாரே வித்துன்னு சொல்லிட்டாரு" என்றாள். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கிரேன்காரர் எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவில்லை. "அன்னைக்கு நான் விளையாட்டாத்தான் சொன்னேன்" என்றார்.

"தெரியும்ண்ணே."

"வீடு அப்படிக் கெடந்ததுல எனக்கே ஒரு வெக்கம். அதான் வாய் தவறி வந்துருச்சு." பிறகு, "அவ சாயங்காலம் வந்துருவா. வித்து கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லு. இது வேணாம், தங்கச்சி. நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றார்.

மாலை பஸ்ஸில் குருவி வந்து இறங்கினாள். டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள், வாளி, மூன்று வருடத்தில் விடுதியில் சேர்ந்த சாமான் எல்லாமே அவளோடு இறங்கியது. மகள் ஓடிப் போய் வாளிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பைகளை அவிழ்த்து வெளியே கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். குருவி கயிறுகளை அறுத்துக் கொடுக்க, அத்தை சுமந்துகொண்டு போய்ப் போட்டாள். ஈர வைக்கோல் லேசில் பிடிக்கவில்லை. புகைதான் வந்தது. இனிக் கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து ஒரு மாதம் சும்மா போட வேண்டும். அதற்குப் பிறகு வைக்கோல், வித்து, இருபது நாள் இருட்டு. மூன்று மாதத்துக்கு அந்த வீட்டில் வருமானம் என்று ஒன்றும் கிடையாது.

"வித்து வித்தவன் நாசமாப் போக" என்றாள் குருவி. "அவன் வாய்ல இதே பச்சை பூக்க."

அத்தை கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டாள். எதையும் விடவில்லை. சாரிடம் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். கிரேன்காரர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள். ஏன் கழுவாமல் விட்டாய் என்று கேட்டதற்கு, "சோம்பேறித்தனம்" என்றாள்.

குருவி நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ இதை எங்கிட்ட சொல்லியிருக்கவே வேணாம்டி" என்றாள் கடைசியில். "எவனோ ஒரு கடைக்காரன் ஏமாத்திட்டான்னு திட்டிக்கிட்டே போயிருப்பேன். மறுபடி மில்லுக்குப் போனாலும் அங்க உன்னை நெனச்சா ஒரு தைரியம் இருந்திருக்கும். இப்ப நான் யாரை நெனச்சுக்கிட்டுப் போறது?"

அத்தை கீழே வைத்த பையை எடுத்து நெருப்பில் போட்டாள்.

மற்ற வீடுகளுக்கும் போய் அத்தை சொன்னாள். மிலிட்டரி, "நான்தான் மொதல்ல மறைச்சேன்" என்று தானும் சேர்ந்துகொண்டார். பால்காரக்கா, "நீ இனிமே வராத" என்று கதவைச் சாத்தினாள். மையத்துக்கு எழுதிய கடிதத்துக்கு, அறிக்கை ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது, இதை இத்துடன் விடுங்கள் என்று சார் போனில் சொன்னார். அத்தையின் வேலையும் போகவில்லை. அதுவே அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

குருவி மில்லுக்குப் போன் செய்தாள். பழைய இடம் வேறு ஒருத்திக்குப் போய்விட்டது. புது ஆளாகத்தான் சேர முடியும், ஒப்பந்தம் இனி ஒரு வருடம், முதல் ஆறு மாதம் லீவு கிடையாது என்றார்கள். ஒன்பது நாள் வீட்டில் இருந்தாள். வீட்டைத் தேய்த்துக் கழுவினாள். அடுப்புக் கரியைச் சுரண்டினாள். மகளின் பையைத் தைத்தாள்.

பத்தாம் நாள் காலை ஆறரை பஸ். அத்தை போய் நின்றாள். குருவி பெட்டியை அவளிடம் கொடுக்கவில்லை. ஆனால் போ என்றும் சொல்லவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பஸ் திருப்பத்தில் தெரிந்ததும் குருவி, "ஊருக்கே யோசனை சொல்றவ. எனக்கு ஏதாச்சும் ஒண்ணு சொல்லேன்டி. ஒரு வருஷம் எப்படி இருக்கிறதுன்னு சொல்லேன்" என்றாள்.

கிண்டலாகச் சொன்னாளா, கேட்டாளா என்று அத்தைக்கு இன்றுவரை தெரியவில்லை. கண்டக்டர் வாளியை மேலே தூக்கிப் போட்டார். பஸ் போய்விட்டது.

அத்தை வீட்டுக்கு வரவில்லை. நேராகக் கிரேன்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மகளின் தலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குனிய முடியாமல், குழந்தையை ஸ்டூல் மேல் நிற்கவைத்திருந்தார். ஒரு பின்னல் காதுக்கு மேலும் ஒன்று கழுத்துக்குக் கீழுமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. அத்தை சீப்பை வாங்கி, இரண்டையும் அவிழ்த்து, முதலிலிருந்து வாரினாள்.

"இறுக்கிப் போடு அத்தை" என்றது குழந்தை. "அம்மா போட்டா சாயங்காலம் வரைக்கும் அவுராது."

அத்தை இறுக்கிப் போட்டாள். பத்து மணிக்கே அவிழ்ந்துவிட்டது என்று அன்று மாலை வந்து சொன்னது.